வெளிய வந்துட்டாரா?

நம்பினால் நம்புங்கள். நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் நான். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதி வைக்கிற பிள்ளைக்கு இருபத்தாறு வருஷமாக மதிப்பெண் போட்டதில்லை. இந்த விஷயத்தில் எனக்கே வழி தெரியவில்லை. அதனால் ஒன்றைக்கூட கூட்டாமல் குறைக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுகிறேன்.

பேய் என்றதும் நடுராத்திரியையும் பாழடைந்த வீட்டையும் எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாவது மாடியில். பளபளவென்று துடைத்த தரை. ஏசி. முதல் முறை பார்த்தபோது காலை பதினொன்றரை மணி. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்த நாள் அது.

எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தபோது அவன் பால் பல்கூட முழுசாக விழாத பையன். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்ததும், வாய்ப்பாடு ஒப்பிக்காததற்குக் காதைத் திருகியதும் நான்தான். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்றான். ஏண்டா என்றால், மேலேயும் கீழேயும் போய்வரவே நேரம் சரியாக இருக்கிறது என்பான். என் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான்.

நாற்பத்திரண்டு வயதில் அவனுக்குக் கல்லீரலில் கட்டி என்றார்கள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. புற்று.

கல்லீரல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ரொம்ப வருஷமாகவா என்று மெதுவாகக் கேட்டார்கள். அவன் பீர் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை என்று நான் சொன்னால், எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். அவனுக்கும் இது தெரியும். ஒரு நாள் என்னிடம், "இவ்ளோ கெட்ட பேரு வரும்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு தடவையாவது குடிச்சிருப்பேன்க்கா," என்றான். நான் சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதேன்.

குடி இல்லை. கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. என் ரத்தத்திலும் இருக்கிறது. என் கல்லீரலை அது ஒன்றும் செய்யவில்லை. அவனுடையதை முப்பது வருஷமாகச் சத்தமில்லாமல் அரித்துச் சுருக்கிவிட்டது. சுருங்கிப் போன அந்த இடத்தில்தான் கட்டி முளைத்திருந்தது. என் கல்லீரலில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிருமி இருக்கிற கல்லீரலை எடுக்க மாட்டார்களாம். வேறு கல்லீரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் அது எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை கட்டி காத்திருக்காது.

அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எதையும் பூசி மெழுகாமல் பேசினார்.

"கட்டியை எடுக்கறது எனக்குக் கஷ்டமே இல்லைம்மா. எடுத்த பிறகு மிச்சம் இருக்கறது இவரைத் தாங்குமா... அதுதான் கேள்வி."

பிறகு விளக்கமாகச் சொன்னார். நல்ல கல்லீரல் என்றால் பாதிக்கு மேல் வெட்டினாலும் சில வாரத்தில் வளர்ந்துவிடும். சுருங்கின கல்லீரல் அப்படி வளராது. அந்தச் சுருக்கத்தையே மூன்று படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் படியை முடிவு செய்கிறார்கள். முதல் படியில் இருக்கிறவர்களைத் தைரியமாக வெட்டலாம், அநேகமாக எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது படி என்றால் கத்தியே வைக்கக் கூடாது. தம்பி இரண்டாவது படியின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். வயிற்றில் கொஞ்சமாக நீர், மாத்திரையில் அடங்கியிருந்தது. அந்த மாதிரிப் பத்துப் பேரை வெட்டினால் இரண்டு பேர் திரும்ப மாட்டார்கள் என்றார். வெட்டாமல் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்திக் கட்டியைக் கொஞ்ச காலம் அடக்கியும் வைக்கலாம். ஒழிக்க முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "மோட்டாரைப் பாதியா வெட்டிட்டு அதே லோடை ஏத்தப் போறீங்க. அவ்ளோதானே டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அவ்ளோதான்," என்றார்.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. பத்தில் இரண்டு என்பது எனக்கு எவ்வளவு சின்னப் பின்னம். வகுப்பில் ஒரு வரியில் சுருக்கிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு அதைச் சுருக்கவே முடியவில்லை. தம்பிதான் மாடியிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் தட்டை வைத்தான்.

"ரெண்டு பேர் போவாங்கன்னா எட்டுப் பேர் வருவாங்கல்லக்கா. நீதானே கணக்கு டீச்சர்."

முடிவு அவனுடையது. நான் தடுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் ஒரு நர்ஸ் வெளியே வந்து பிளாஸ்டிக் பை ஒன்றை என் கையில் கொடுத்தார். அவன் செருப்பும் வாட்சும். அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போர் கூடத்துக்கு வந்தேன்.

நீளமான கூடம் அது. இரும்பு நாற்காலிகளை ஐந்து ஐந்தாக ஒரே கம்பியில் பிணைத்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒருத்தர் உட்கார்ந்தால் வரிசையே ஒரு ஆட்டம் ஆடும். எழுந்தால் இன்னொரு ஆட்டம். மூலையில் மைக். நோயாளியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதெல்லாம் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் தலை நிமிர்வார்கள்.

ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடியிருந்தேன். வரிசை ஆடவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"வெளிய வந்துட்டாரா?"

திரும்பினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். பச்சை ஸ்வெட்டர். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். மடியில் என் கையில் இருந்தது மாதிரியே ஒரு பை. உள்ளே ஆண் செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி.

என் தம்பியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் நேரமாகும் என்றேன். அவள் தலையசைத்தாள். அவள் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருக்கிறாராம். காலையில் ஏழரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். என்ன ஆபரேஷன் என்றேன். கல்லீரலில் கட்டி என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கூடத்தில் என் பயம் புரிந்த ஒரே ஆள். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவராம். நிறையக் குடித்தவராம். "நாலு வருஷம் முன்னாடி நிறுத்த வெச்சேன்க்கா. நிறுத்தலைன்னா போயிடுவேன்னு சொன்னேன். நிறுத்திட்டாரு," என்றாள். சரியான நேரத்தில் நிறுத்தியதால் சுருக்கம் முதல் படியோடு நின்றுவிட்டதாம். பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லும்போது கையால் இடது தோளை அழுத்திக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

குடித்தவருக்கு முதல் படி. குடிக்காத என் தம்பிக்கு இரண்டாவது. பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நல்லபடியாக வருவார் என்று அவளிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மைக் கூப்பிட்டது. எல்லாரும் நிமிர்ந்தோம்.

அவள் நிமிரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, ரத்தப்போக்கு அதிகமில்லை என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லத் திரும்பினேன். நாற்காலி காலி. அவரும் வெளியே வந்திருப்பார், பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாள் தம்பி நன்றாக இருந்தான். ஐசியூவில் பத்து நிமிஷம்தான் விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்திலும் கிண்டல். லோடு ஏறிவிட்டது, மோட்டார் ஓடுகிறது என்றான். நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக்கூட வந்தேன்.

அடுத்த நாள் மாலை அவன் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையில் லேசாக மஞ்சள். மின்விளக்கு வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து கூடத்தின் கதவைத் தள்ளினேன்.

கூடம் இருட்டாக இருந்தது.

அங்கே விளக்குகள் ஆள் அசைந்தால் தானாக எரிகிற வகை. ஆளில்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நான் காலை வைத்ததும் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போனது. டக்... டக்... டக்...

கடைசி விளக்கு எரிந்தபோது ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு தூசி அசைந்தால்கூட எரிகிற விளக்கு.

"வெளிய வந்துட்டாரா?"

தூங்கி எழுந்தவள் குரல் மாதிரி இருந்தது. யார் என்றேன். வீட்டுக்காரர் என்றாள். காலையில் ஏழரைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்களாம்.

அதே ஸ்வெட்டர். அதே பை.

மறுபடி ஆபரேஷனா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உள்ளே தம்பியின் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். இன்னொருத்தியின் கெட்ட செய்தியைத் தாங்கத் தெம்பில்லை. கீழே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கோப்பையை வாங்கவில்லை. வைத்துவிடுங்கள் என்று கண்ணால் காட்டினாள். வைத்தேன். என் டீயைக் குடித்து முடித்தேன். நான் எழுந்தபோது வரிசை ஒரு ஆட்டம் ஆடியது. என் பக்கம் மட்டும்.

நர்ஸிடம் விசாரித்தேன். கல்லீரல் ஆபரேஷன் ஆன வேன் டிரைவர் எப்படி இருக்கிறார் என்று. அந்த வாரம் கல்லீரல் ஆபரேஷன் என் தம்பிக்கு மட்டும்தான் நடந்தது என்றார் அவர். அவருக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பார்... அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று இறங்கியது. தம்பி பகலெல்லாம் தூங்கினான். இரவெல்லாம் விழித்திருந்தான் என்றார்கள். மூச்சில் அழுகின பழம் மாதிரி ஒரு வாசனை. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தானாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி. ரத்தத்தில் சேர்கிற நஞ்சைக் கல்லீரலால் சுத்தம் செய்ய முடியவில்லை, அது மூளைக்குப் போகிறது என்றார் டாக்டர். மிச்சம் வைத்த கல்லீரல் விழித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தோம், அது விழிக்கவில்லை என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தின் பாகங்களை ஏற்றினார்கள். மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். வயிறு அம்மாவுடையது மாதிரியே வீங்கியது.

ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னை அம்மா என்று கூப்பிட்டான். நான் திருத்தவில்லை. என்னடா என்றேன். பசிக்கிறது என்றான். இதோ வைக்கிறேன் என்றேன். தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதுதான் கடைசிப் பேச்சு.

அன்று மாலை தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வாங்கக் கீழே போனேன். கடையில் வரிசை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்ல யாரும் இல்லை. பாட்டிலோடு மேலே ஏறினேன். கதவைத் தள்ளினேன்.

இருட்டு.

டக்... டக்... டக்...

அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவள் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. முதல் தடவையாக வேறு வார்த்தை சொன்னாள்.

"உங்க தம்பி வந்தாரு அக்கா."

எனக்குப் புரியவில்லை.

"இப்பத்தான். இங்க உக்காந்திருந்தாரு. அக்கா எங்கேன்னாரு. தண்ணி வாங்கப் போயிருக்காங்கன்னு சொன்னேன்."

பாட்டில் என் கையில் ஜில்லென்று இருந்தது.

அவன் ஐசியூவில் இருக்கிறான், குழாயெல்லாம் போட்டிருக்கிறது என்றேன்.

"குழாய் இல்லையே..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்தாரு."

மைக் கரகரத்தது.

எங்கள் எண்.

ஓடினேன்.

திரை போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒருத்தர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். டாக்டர் திரும்பித் தலையை அசைத்தார். ஆறு பத்துக்கே நின்றுவிட்டதாம். முயற்சி செய்து பார்த்தார்களாம்.

ஆறு பத்துக்கு நான் கீழே, கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

எப்படியோ எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். மாடி அறையைப் பூட்டினேன். அந்தப் பெண் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. தூக்கமில்லாதவளுக்குக் காதில் எது வேண்டுமானாலும் கேட்கும். அப்படித்தான் பல நாள் எனக்கு நானே பாடம் நடத்தினேன்.

பள்ளிக்கூடம் திறந்து பாதி வருஷம் போன பிறகு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்காக. கிருமி என் உடம்பிலும் இருக்கிறதே, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரலை ஸ்கேன் பண்ணியே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பிக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டி கடுகளவு இருக்கும்போதே பிடித்திருக்கலாம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். ஆரோக்கியமான முகம். நான் முன்னால் போகட்டுமா, ஸ்கூல் விடுவதற்குள் வேனை எடுக்க வேண்டும் என்று கேட்டவர், பிறகு அவரே சிரித்துவிட்டு, இல்லை, நேரம் இருக்கிறது, நீங்களே போங்கள் என்றார்.

எதற்கு ஸ்கேன் என்றேன்.

கல்லீரலில் கட்டி எடுத்தது என்றார். இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது சுருக்கம் ஆரம்பத்தில் இருந்ததாம். குடியை விட்டிருந்ததால் பிழைத்தாராம். ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாராம்.

உங்கள் வீட்டம்மா வரவில்லையா என்றேன்.

அவள் இல்லை என்றார். நான் எப்போது என்று கேட்டேன். அவர் சொன்னார்.

ஆபரேஷன் அன்றைக்கு அவள் மேலே, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தோள் வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஏசி என்று நினைத்தாளாம். மத்தியானத்துக்கு மேல் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள். அசந்து தூங்குகிறாள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். மைக்கில் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கடைசியில், உங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார் என்று சொல்ல ஒரு நர்ஸே வந்து தோளைத் தொட்டிருக்கிறார்...

உடம்பு அப்போதே விறைத்திருந்ததாம்.

பச்சை ஸ்வெட்டர் என்று நான் சொன்னேன். கழுத்துவரை பொத்தான் என்றேன். பையில் செருப்பும் கண்ணாடியும் என்றேன்.

அவர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. ஒவ்வொரு தடவை ஸ்கேனுக்கு வரும்போதும் மேலே போய் அந்த நாற்காலியில் உட்காருவாராம். ஒரு தடவைகூட அவர் கண்ணுக்கு அவள் தெரிந்ததில்லை.

"என்ன கேட்டா?"

சொன்னேன்.

"நான் வந்துட்டேன்னு அவளுக்கு இன்னும் தெரியாதா..."

இரண்டு பேரும் மேலே போனோம். பகல் வெளிச்சம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. எனக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தான் சொன்னால் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்கிற பார்வை. ஆட்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"வெளிய வந்துட்டாரும்மா. நல்லா இருக்காரு. வேன் ஓட்டறாரு."

ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்து நின்று சத்தமில்லாமல் அழுதார். ஸ்கேனுக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று கீழே இறங்கினோம். எனக்குக் கட்டி எதுவும் இல்லை. அவருக்கும் இல்லை. பிரியும்போது, என் தம்பியும் இங்கேதான் போனான் என்று மட்டும் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் அடிக்கடி அந்தக் கூடத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு போய் உட்காருவாராம். காத்திருக்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பாராம். தோள் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாராம். ஸ்வெட்டர் போட்ட அம்மாவை முன்பு அவ்வப்போது யாராவது பார்த்ததாகச் சொல்வதுண்டு என்று காவலாளி அவரிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் போய்ச் சொன்ன நாளுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் அவர் எனக்கு போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு சொன்னார். கூடத்தில் ஒரு சின்னப் பெண், புருஷனை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்தவள், அவரைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். பக்கத்தில் ஒருத்தர் வந்து வந்து உட்காருகிறார், யாருடைய ஆள் என்று தெரியவில்லை, பாவமாக இருக்கிறது என்று.

என்ன வேண்டுமாம் அவருக்கு என்று இவர் கேட்டிருக்கிறார்.

"எங்க அக்கா தண்ணி வாங்கப் போனாங்க, வந்துட்டாங்களான்னு கேக்கறாரு அண்ணா."

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் வாங்கப் போனதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் டீச்சர் என்றார் அவர். வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

தெரியும். போய் உட்கார்ந்து, வந்துட்டேன்டா என்று சொன்னால் போதும். அந்த ஸ்வெட்டர் அம்மா போன மாதிரி அவனும் எழுந்து போய்விடுவான்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி ஸ்கேன். அதே கட்டடம். பயமா என்றால், இல்லை. போகவும் வேண்டும். அவன் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல... எனக்கு இன்னும் மனசு வரவில்லை.